பாலத்துக்கு அந்தப் பக்கம்

நான் பிரேக் வேலை பார்க்கிறவன். முப்பத்தோரு வருஷமாக அதே ஷெட், அதே வேலை. சக்கரத்தைக் கழற்றி பிரேக் பேடைக் கையில் எடுத்தால் போதும், அந்தக் காரை ஓட்டுகிறவன் எப்பேர்ப்பட்ட ஆள் என்று சொல்லிவிடுவேன். பேட் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தால், எந்நேரமும் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே ஓட்டும் பயந்தாங்கொள்ளி. டிஸ்க் சூட்டில் நீலம் பூத்திருந்தால், வேகமாக வந்து கடைசி நிமிஷத்தில் சடாரென்று மிதிக்கிற முரடன்; அந்த ஆளிடம் வாய் கொடுக்காமல் சாவியை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. இப்படி ஊரில் உள்ளவர்கள் குணத்தையெல்லாம் கரைத்துக் குடித்தவன் என்று எனக்கு ஒரு நினைப்பு. கூடப் பிறந்த அக்காவைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது போன வருஷம்தான் தெரிந்தது. இது அவளைப் பற்றி எழுதியது.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். நாலு வயதில் வந்த காய்ச்சல் அவள் பார்வையைக் கொண்டுபோய்விட்டது. அதனால் அவள் ஒரு மூலையில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள் என்று நினைத்தால், நீங்கள் அவளோடு ஐந்து நிமிஷம் பேசியதில்லை என்று அர்த்தம். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தாள். முந்நூற்று நாற்பது எக்ஸ்டென்ஷன் நம்பரும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். எதிர்முனையில் மூச்சு விட்டாலே ஆளைச் சொல்லிவிடுவாள். எலும்பு டாக்டர் ஒருவர், வீட்டிலிருந்து போன் வந்தால் தான் ஆபரேஷனில் இருப்பதாகச் சொல்லச் சொல்வாராம். "சொல்லிடறேன் டாக்டர். ஆனா ஆபரேஷன் பண்றப்ப பிஸ்கட் கடிக்காதீங்க, லைன்ல கேக்குது" என்றாளாம் அக்கா. அந்த டாக்டர் அதற்குப் பிறகு எக்ஸ்சேஞ்சுக்கு வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனார்.

எக்ஸ்சேஞ்சில் மூன்று போர்டுகள். அக்கா இரண்டாவது போர்டு. மூன்றாவது போர்டில் இருந்த அம்மாள்தான் அவளுக்கு எல்லாம். இரண்டு பேரும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதே கிடையாது. "என்ன ரெண்டு?" "சொல்லு மூணு." அவ்வளவுதான். எங்கள் வீட்டிலும் அந்த அம்மாளுக்கு மூணாம் நம்பர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டதும் கூட்டி வந்ததும் நான்தான். கடைசிப் பத்தொன்பது வருஷம். காலை எட்டு இருபதுக்கு வீட்டை விட்டால், எட்டரைக்கு ஊழியர் வாசல். இடது பின்கதவு வாசற்படிக்கு நேராக வரும்படி நிறுத்துவேன். கதவைத் திறந்து காலை வைத்தால் படி. இந்த விஷயத்தில் எனக்கு ரொம்பப் பெருமை. காய்ச்சலோடும் ஓட்டியிருக்கிறேன், ஒரு நாள் தவறியதில்லை. அவள் வாடகை வண்டியில் போகிறேன் என்று ஒரு தடவை சொன்னபோது சண்டைக்கே போய்விட்டேன். "நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப, யாரோ ஒருத்தன் வண்டியில நீ ஏன் ஏறணும்?" என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

அவள் எதையும் நேரடியாகக் கேட்க மாட்டாள். "போற வழியில இருந்தா…" என்றுதான் ஆரம்பிப்பாள். போகிற வழியில் செருப்புக்கடை இருந்தால், போகிற வழியில் நூலகம் இருந்தால். நான் பதில் சொல்லக் கொஞ்சம் தாமதித்தால், "வேண்டாம்டா, இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்று அவளே முடித்துவிடுவாள். எங்கள் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் இருப்பதெல்லாம் மொத்தம் நாலு தெரு. அந்த நாலு தெருவுக்குள் இருந்ததுதான் அவள் உலகம் என்பது எனக்கு உறைக்கவில்லை. "எங்க அக்காவுக்கு ஆசையே கிடையாதுப்பா, தங்கம்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இதை எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது.

அவள் ஓய்வு பெற்ற அதே வருஷம் மூணாம் நம்பரும் ஓய்வு பெற்று, மகன் வீட்டோடு போய்விட்டாள். பாலத்துக்கு அந்தப் பக்கம், ஊரின் அடுத்த கோடி. பஸ்ஸில் போனால் இரண்டு இடத்தில் மாற வேண்டும். அதனால் என்ன, இரண்டு பேருமே போனில் பிழைத்தவர்கள்தானே. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அப்புறம் ஒரு மணி நேரம் சிரிப்புதான். நான் டிவி சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைப்பேன்.

ஒரு நாள் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. அப்பாடா, இனி நிம்மதியாகச் செய்தி கேட்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. மூணாம் நம்பருக்குப் பக்கவாதம் வந்து பேச்சும் வலது கையும் போய்விட்டன என்பது என் மனைவிக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது. யாரும் மறைக்கவில்லை, நான் கேட்கவில்லை. பேச முடியாதவளோடு போனில் என்ன பேசுவது? நேரில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டுமே அந்தச் சிநேகத்துக்கு இனி உயிர். டாக்டர்கள் வேறு அவளுக்கு அதிக நாள் கொடுக்கவில்லை. அக்காவுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்: மூணாம் நம்பர் போவதற்கு முன் அவளோடு கொஞ்சம் இருக்க வேண்டும்.

அதையும் அவள் தன் வழக்கப்படிதான் கேட்டாள். ஒரு நாள் சாப்பிடும்போது, "ஏன்டா, பாலத்துக்கு அந்தப் பக்கம் உனக்கு ஏதாவது வேலை வருமா?" என்றாள்.

"அங்க எனக்கு என்ன வேலை?" என்றேன் நான், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

"இல்ல, சும்மா கேட்டேன்."

அதற்குப் பிறகு பத்து மாதம் போயிற்று. பத்து மாதமும் அவள் அடுத்த அறையில்தான் இருந்தாள்.

அப்போதுதான் எங்கள் ஊருக்கு ஓட்டுநர் இல்லாத கார்கள் வந்தன. எனக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. ஏன் என்று கேட்டால் ஆயிரம் நியாயம் சொல்லுவேன். உண்மையான காரணம், அவை பிரேக்கைத் தேய்ப்பதில்லை. தூரத்திலேயே பார்த்து, மோட்டாரைக் கொண்டே வேகத்தைக் குறைத்து, நோகாமல் வந்து நிற்கும். வேறு ஊரில் மூன்று வருஷம் ஓடிவிட்டு இங்கே வந்த வண்டி ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன். பேட் நேற்றுப் போட்டது மாதிரி இருந்தது. அதை வைத்து யார் குணத்தைப் படிப்பது?

பக்கத்து ஷெட் லேத்காரருக்கும் எனக்கும் இதில் தினமும் வாக்குவாதம். அவருடைய மச்சான் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தவர். இந்த வண்டிகள் வந்த பிறகு, அவை சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் இடத்தில் காவலுக்கு நிற்கிறார். அப்படியும் லேத்காரர் அவற்றுக்குப் பரிந்துதான் பேசுவார்.

"குடிச்சுட்டு ஓட்டுதா? போனைப் பாத்துக்கிட்டு ஓட்டுதா? வீட்ல சண்டை போட்டுட்டு வந்து ரோட்ல காட்டுதா? அந்தப் பள்ளிக்கூட முக்குல மாசம் ஒரு பிள்ளை அடிபடும். இப்ப எங்கயாவது கேள்விப்படறியா?" என்பார்.

"அதே வண்டி காத்துல பறக்கிற பிளாஸ்டிக் பையைப் பாத்தும் நின்னுடுது அண்ணே. போலீஸ்காரர் கையைக் காட்டினா முழிக்குது. மனுஷன்னா சட்டுனு புரிஞ்சுக்குவான்" என்பேன்.

"புரிஞ்சுக்குவான், சரி. ஏத்திக்கிட்டும் போயிடுவான்."

அவர் சொன்னதும் நிஜம், நான் சொன்னதும் நிஜம். ஆனால் வாக்குவாதத்தில் ஜெயிப்பதுதான் அப்போது எனக்கு முக்கியம்.

என் மகள்தான் அத்தையின் போனில் அந்தச் செயலியைப் போட்டுக்கொடுத்தாள். பேசினால் வண்டி வரும். கதவருகே ஒரு மணி மெல்ல அடித்துக்கொண்டே இருக்கும், சத்தத்தை வைத்துக் கைப்பிடியைத் தேடிக்கொள்ளலாம். விஷயம் தெரிந்ததும் நான் குதித்தேன். "ஓட்டுறதுக்கு ஆள் இல்லாத வண்டி, உள்ள பார்வை இல்லாத ஆள். நல்ல ஜோடி!" என்றேன். மனைவி என்னை முறைத்தாள். அக்கா மட்டும் சிரித்தாள். "அதுக்கு என்னை மாதிரி இல்லடா, சுத்தி எட்டுக் கண்ணு இருக்காம்" என்றாள். அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் தனியாகக் கிளம்பிப் போனாள். அவளுக்கு அப்போது வயது அறுபத்திரண்டு. தனியாக ஒரு காரில் ஏறியது அதுதான் முதல் தடவை.

அவசரத்துக்கு என்று மகள் என் நம்பரைக் கொடுத்துவைத்திருந்தாள். அதனால் ஒவ்வொரு பயணத்துக்கும் எனக்குச் செய்தி வரும். 'உங்கள் உறவினர் ஏறிவிட்டார்.' 'உங்கள் உறவினர் சேர்ந்துவிட்டார்.' எங்கே போகிறாய் என்று கேட்டேன். "மூணாம் நம்பரைப் பாக்க" என்றாள். அரட்டை அடிக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வண்டி சட்டப்படி நிற்க வேண்டிய இடத்தில்தான் நிற்குமாம். அங்கிருந்து அந்த வீட்டு வாசலுக்கு நாற்பத்திரண்டு அடி. முதல் நாள் தடவித் தடவிப் போய், ஒரு சைக்கிளில் முட்டி, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள். "பாத்தியா?" என்றேன். "ஆமாடா, சைக்கிளுக்கு ஒண்ணும் ஆகலை" என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு தெம்பை நான் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

பதினொரு செவ்வாய்க்கிழமை போனாள். அங்கே என்ன நடந்தது என்பதைப் பிறகு அவள் சொல்லித்தான் தெரியும். மூணாம் நம்பரின் இடது கையை இவள் பிடித்துக்கொள்வாள். ஒரு அழுத்து அழுத்தினால் ஆமாம், இரண்டு அழுத்தினால் இல்லை. இவள் ஆஸ்பத்திரிக் கதைகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து விடுவாள், பிஸ்கட் டாக்டர் உட்பட. சிரிப்பு வந்தால் அவள் கையை விடாமல் அழுத்திக்கொண்டே இருப்பாளாம்.

பன்னிரண்டாவது செவ்வாய்க்கிழமை நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

அன்று பதினொன்றரை மணிக்கு அந்த வீட்டு மகன் அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார். "பெரியம்மா, அம்மாவுக்கு மூச்சு ஒரு மாதிரி இருக்கு. டாக்டர் வந்து பாத்துட்டுக் கையை விரிச்சிட்டார். முடிஞ்சா சீக்கிரம் வாங்க." அக்கா உடனே வண்டியை வரவழைத்து ஏறிவிட்டாள். வீட்டில் அப்போது வேறு யாரும் இல்லை. எனக்கு வந்தது வழக்கமான செய்தி மட்டும்.

பாலத்தில் ஏறும் இடத்தில் அன்று குழாய் வேலை. ஒரு பக்கத்தைத் தோண்டிப்போட்டு, ஒருவர் சிவப்புக் கொடியை ஆட்டி, வண்டிகளை எதிர்ப்பக்கமாக அனுப்பிக்கொண்டிருந்தார். மற்றவர்களெல்லாம் மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். அக்காவின் வண்டி மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது. கொடிக்காரர் என்ன சொல்கிறார் என்பதும் அதற்குப் புரியவில்லை. நின்றுவிட்டது. பன்னிரண்டே காலுக்கு என் போனில் செய்தி: 'உங்கள் உறவினரின் வண்டி தாமதமாகிறது. அவர் பாதுகாப்பாக இருக்கிறார். எங்கள் ஊழியர் இருபது நிமிடத்தில் வருவார்.'

நான் சிரித்தேன். வாய்விட்டே சிரித்தேன். போனை எடுத்துக்கொண்டு லேத்காரரிடம் ஓடினேன்.

"பாருங்க அண்ணே, உங்க அதிசய வண்டி! பாலத்துல நின்னு முழிக்குது."

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "உங்க அக்கா உள்ள இருக்காங்களாப்பா? இங்கேர்ந்து பத்து நிமிஷம்கூட இல்லையே. போய்ப் பாத்துட்டு வந்துடேன்."

"கூப்பிடட்டும். கூப்பிட்டா பறந்து போயிடுவேன்."

"கூப்பிடாட்டி?"

"அதெப்படிக் கூப்பிடாம இருப்பா? நடுரோட்ல எவ்வளவு நேரம்தான் உக்காந்திருப்பா?"

போனைத் திரை மேலே தெரியும்படி மேஜையில் வைத்தேன். ஜாக்கியில் ஏற்றியிருந்த வண்டியின் பின்சக்கரங்களைக் கழற்றி, டிரம்மைத் தட்டி எடுத்து, லைனிங் மாற்ற ஆரம்பித்தேன். பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு மறுபடியும் அதே செய்தி, இன்னொரு இருபது நிமிடம். ஒன்றே காலுக்குள் இன்னும் இரண்டு. ஒவ்வொரு தடவை போன் அதிரும்போதும் அக்காவாக இருக்கும் என்று கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். என்ன சொல்ல வேண்டும் என்பதைக்கூட மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்தேன்: 'இப்பவாவது புரிஞ்சுதா, மனுஷன்னா மனுஷன்தான்னு?' ஒன்று முப்பதுக்கு, வண்டி கிளம்பிவிட்டதாகச் செய்தி வந்தது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆமாம், ஏமாற்றம். அதற்கு நல்லதாக வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் அக்கா வந்தாள். செருப்பைக் கழற்றி, சுவர் ஓரமாகக் காலாலேயே ஒதுக்கி வைத்தாள். நான் கூடத்தில் தயாராக உட்கார்ந்திருந்தேன்.

"என்னக்கா, உன் வண்டி பாலத்துல கோவிச்சுக்கிட்டு நின்னுடுச்சாமே?"

"ஆமாடா, நின்னுடுச்சு" என்றாள். பிறகு சுவரில் கையை வைத்தபடியே சொன்னாள். "மூணு போயிட்டா. நான் போய்ச் சேர்றதுக்கு இருபது நிமிஷம் முன்னாடி."

எனக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. பக்கவாதம், பத்து மாதம் எல்லாவற்றையும் என் மனைவிதான் அங்கேயே நின்றுகொண்டு சொன்னாள்; காலையில் வந்த போனைப் பற்றி அக்கா சொன்னாள். 

"என்னை ஏன்க்கா கூப்பிடலை? பத்து நிமிஷத்துல வந்திருப்பேனே!"

"வந்திருப்பேடா. நீ வராம இருக்க மாட்டே. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல." நாற்காலியைத் தடவி உட்கார்ந்தாள். "ஆனா உச்சுக் கொட்டிக்கிட்டே வந்திருப்பே."

"நானா? எப்ப?"

 மனைவி சமையலறைக்குள் போய்விட்டாள். மகள் என்னைப் பார்க்கவில்லை.

"நான் எது கேட்டாலும் முதல்ல அந்த 'உச்' வரும். அப்புறம்தான் சரிங்கிற பேச்சு வரும்" என்றாள் அக்கா. அவள் குரலில் கோபம் இல்லை. ஒரு எக்ஸ்டென்ஷன் நம்பரைச் சொல்வது போலத்தான் சொன்னாள். "உனக்கே தெரியாது அது. அந்த வண்டி ஒண்ணேகால் மணி நேரம் நின்னுச்சு. ஆனா ஒரு தடவைகூட உச்சுக் கொட்டலை. அவளைக் கடைசியா பாக்கப் போறப்ப அதைக் கேட்டுக்கிட்டுப் போக வேண்டாம்னு இருந்துச்சு. போன் கையிலதான் இருந்துச்சு. இப்ப கிளம்பிடும், இப்ப கிளம்பிடும்னு இருந்துட்டேன். என் தப்புதான்."

"உன் தப்பு இல்லக்கா."

 அவள் தலையைச் சற்றுத் திருப்பினாள். ஆஸ்பத்திரியில் லைனில் ஏதாவது சரியில்லாத சத்தம் கேட்டால் அப்படித்தான் திருப்புவாளாம்.

"வண்டி நின்னது உனக்கு எப்படித் தெரியும்?"

"போன்ல செய்தி வந்துச்சு."

"எப்ப?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளிடம் பொய் சொல்லித் தப்பியவர்கள் யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். "பன்னெண்டே காலுக்கு" என்றேன்.

 அவள் எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை, எட்டு மணிக்கே குளித்துத் தயாராகி அவள் அறை வாசலில் போய் நின்றேன். "நான் கூட்டிட்டுப் போறேன்க்கா" என்றேன். "வண்டிக்குச் சொல்லிட்டேன்டா" என்றாள். கொஞ்சம் கழித்து, "நீயும் வேணா வா" என்றாள். அப்படித்தான் ஓட்டுநர் இல்லாத காரில் நான் முதன்முதலாக ஏறினேன். முன்னால் யாரும் இல்லை. ஸ்டீயரிங் தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது. என் வலது கால் வழியெல்லாம் தரையில் பிரேக்கைத் தேடி மிதித்துக்கொண்டே இருந்தது. அக்கா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாய்ந்திருந்தாள். என் வண்டியில் அவள் அப்படிச் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இறங்கத் தயாராகவே உட்கார்ந்திருப்பாள்.

என் ஷெட்டைத் தாண்டும்போது மணி பார்த்தேன். பாலத்தில் கூம்புகளை வரிசையாக வைத்துப் பாதை போட்டிருந்தார்கள். வண்டி தடுமாறாமல் போனது. அந்த வீட்டுத் தெருவில் நின்றபோது மறுபடியும் பார்த்தேன். பதினொரு நிமிஷம். நாற்பத்திரண்டு அடியையும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். ஆனால் வழி அவளுக்குத்தான் தெரிந்திருந்தது.

கூடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். பழைய எக்ஸ்சேஞ்ச் ஆட்கள் இரண்டு பேர் அக்காவின் குரலைக் கேட்டதும் எழுந்து வந்து அழுதார்கள். நான் சற்றுத் தள்ளி உட்கார்ந்தேன். அந்த மகன் என்னைத் தேடிக்கொண்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டார். இரவெல்லாம் தூங்காத முகம்.

"நீங்கதான் தம்பியா சார்? அம்மா உங்களைப் பத்தி நிறையச் சொல்லுவாங்க. பத்தொம்போது வருஷம் ஒரு நாள் தவறாம கொண்டுவந்து விட்டீங்களாமே."

நான் தலையை ஆட்டினேன்.

"நேத்து வண்டி நின்னதும் பெரியம்மா எனக்குத்தான் போன் பண்ணாங்க. யாராவது வந்து கூட்டிட்டுப் போக முடியுமான்னு கேட்டாங்க. அம்மாவை அந்த நிலைமையில விட்டுட்டு நான் எப்படி சார் வர்றது? உங்க தம்பியைக் கூப்பிடலாமே பெரியம்மான்னேன். தம்பி வெளியூர் போயிருக்கான்ப்பான்னுட்டாங்க." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க மட்டும் ஊர்ல இருந்திருந்தா எப்படியும் கொண்டுவந்து சேர்த்திருப்பீங்க. அம்மா கடைசி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. எப்ப சார் வந்தீங்க?"

அக்கா இரண்டு நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் காதுக்கு எட்டாமல் இருக்காது. அவள் முகத்தைத் திருப்பவில்லை.

"இன்னிக்குக் காலையிலதான்" என்றேன்.